உடப்புசல்லாவைக் குன்றுகளும் ராஞ்சியின் வில்லாளியும்

நுவரெலியாவை விட்டுக் கிழக்கு நோக்கிப் புறப்படும் பாதை, கந்தப்பளையைக் கடந்து, ராகலையைத் தாண்டி, மலைமுதுகுகளின் மேல் வளைந்தும் நெளிந்தும் இறங்கி உடப்புசல்லாவையை அடைகிறது. வழிநெடுக இருமருங்கும் தேயிலை. நுவரெலியாவின் குளிர் மெல்ல மெல்லக் குறைய, ஊவாப் பக்கத்திலிருந்து வரும் காற்று முகத்தில் படத் தொடங்கும்போது உடப்புசல்லாவை நெருங்கிவிட்டது என்று அறிந்துகொள்ளலாம். சிறிய கடைவீதி, கோயில், பாடசாலை, பேருந்து நிற்கும் இடம். அவற்றைச் சுற்றிக் கண்ணுக்கெட்டிய தூரம் வரை பச்சைக் கம்பளம் விரித்தாற்போன்ற மலைகள். அவற்றின் மடிகளில் வரிசை வரிசையாக லயன்கள். ஊர் இவ்வளவுதான். ஆயினும் இலங்கைத் தேயிலையின் வரலாற்றில் இவ்வூருக்கென்று தனி இடம் உண்டு.

புசல்லாவை என்ற பெயரைக் கேட்டதும் கம்பளையிலிருந்து நுவரெலியாவுக்கு ஏறும் பாதையிலுள்ள ஊரைச் சிலர் நினைப்பர். அது வேறு; இது வேறு. 'உட' என்னும் சிங்களச் சொல்லுக்கு 'மேல்' என்பது பொருள். இலங்கையின் தேயிலை விளையும் பிரதேசங்களை ஏழாக வகுத்திருக்கிறார்கள். அவற்றுள் உடப்புசல்லாவையும் ஒன்று. கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 3000 அடி முதல் 5000 அடிக்கு மேல் வரை பரந்துள்ள இத்தோட்டங்கள் மத்திய மலைத்தொடரின் கிழக்குச் சரிவில் அமைந்திருப்பதால், வடகீழ்ப் பருவக்காற்றின் மழையே இவற்றுக்கு முக்கியமானது. மேற்குச் சரிவில் மழை கொட்டும் ஆடி, ஆவணி மாதங்களில் இங்கே வறண்ட காற்று வீசும். அந்தக் காற்றுப் பட்ட கொழுந்துக்குத் தனி மணமும், சாயத்தில் இளஞ்சிவப்புச் சாயலும் உண்டு என்று தேயிலை சுவைப்போர் கூறுவர். காற்றே இவ்வூரின் செல்வம் எனின் மிகையாகாது.

அக்காற்று வீசும் பருவத்தில் தோட்டத்துப் பக்கம் போனால் ஒரு காட்சியைக் காணலாம். பாடசாலை விட்டு வந்த பிள்ளைகள் கொய்யா மரத்தடியிலோ பேரி மரத்தடியிலோ கூடி நின்று, கிளையிலுள்ள காய்க்குக் கல்லெறிவார்கள். காற்றில் காய் ஆடும், கிளையும் ஆடும். ஆயினும் அக்கூட்டத்தில் எப்போதும் ஒரு பிள்ளை இருக்கும். அது பெண் பிள்ளையாகவும் இருக்கலாம். அந்தப் பிள்ளை எறிந்தால் காய் விழுந்தே தீரும். "அடேயப்பா, என்ன குறி!" என்று மற்றப் பிள்ளைகள் ஆர்ப்பரிப்பார்கள். சற்று நேரத்தில் யாராவது பெரியவர் வந்து அதட்ட, கூட்டம் கலைந்துவிடும். அந்தக் குறியும் அத்துடன் மறந்துபோகும்.

மறந்துபோகத்தான் வேண்டுமா? இந்தக் கேள்விக்கு விடையாக, கடல் கடந்து, வட இந்தியாவிலுள்ள மற்றொரு மேட்டு நிலத்தில் பிறந்த ஒரு பெண்ணின் வரலாற்றை நம் வாசகர்களுக்குச் சொல்ல விரும்புகிறோம். அவரும் மரத்துக் காய்க்குக் கல்லெறிந்து குறி பழகியவரே. அவர் பெயர் தீபிகா குமாரி.

வில்லை அறிந்த மலையகம்

தீபிகாவின் ஊருக்குச் செல்லுமுன், வில் என்பது மலையகத்தாருக்கு அந்நியமான பொருளன்று என்பதை நினைவுகூர்வது நல்லது.

மாசி மாதம் பிறந்துவிட்டால் தோட்டங்களில் காமன் கூத்துத் தொடங்கிவிடும். கம்பம் நட்டு, ரதியும் மதனும் வேடம் புனைந்து, தப்பொலி மலைகளில் எதிரொலிக்க ஆடிவரும் அக்கூத்தின் நாயகன் யார்? கரும்பு வில்லும் மலர்க்கணையும் ஏந்திய மன்மதன் அல்லவா! தவத்திலிருந்த சிவபெருமான்மீது கணை தொடுத்து எரிந்துபோன அவனுக்காகத் தோட்டமே கூடி அழுகிறது. அருச்சுனன் தபசு என்னும் கூத்தோ இன்னும் அருமையானது. உயர்ந்த கம்பத்தின்மேல் ஏறி நின்று, பாசுபதாஸ்திரம் வேண்டித் தவம் செய்யும் அருச்சுனனைக் கீழே நிற்கும் மக்கள் அண்ணாந்து பார்த்துக் கைதொழுவர். வில்லாளி ஒருவன் ஓர் அம்பைப் பெறுவதற்கு எத்தனை துன்பத்தைத் தாங்கவேண்டும் என்பதை இதைவிடத் தெளிவாக எந்தப் பாடநூல் கற்பிக்கப் போகிறது?

இம்மக்களின் முன்னோர் திருச்சி, சேலம், மதுரை, இராமநாதபுரம் முதலிய ஜில்லாக்களிலிருந்து வந்தவர்கள். சேலத்துக்கும் திருச்சிக்கும் இடைப்பட்ட கொல்லிமலையை ஆண்டவன் வல்வில் ஓரி. ஒரே அம்பில் பல விலங்குகளை வீழ்த்தியவன் என்று சங்கப் புலவரால் பாடப்பெற்றவன் அவன். உடப்புசல்லாவைக்குக் கிழக்கே, ஊவாவின் தாழ்ந்த காடுகளில் வேட்டையாடி வாழ்ந்த வேடர்களும் வில்லையே துணையாகக் கொண்டிருந்தனர். ஆகவே, வந்த மண்ணிலும் வில் உண்டு. வாழும் மண்ணிலும் வில் உண்டு.

இன்னொரு செய்தியையும் இங்கே சொல்ல வேண்டும். நானுஓயாவிலிருந்து நுவரெலியா, கந்தப்பளை வழியாக ராகலை வரை ஒரு குறுகிய ரயில் பாதை 1904 ஆம் ஆண்டளவில் முழுமையாகத் திறக்கப்பட்டது. தேயிலைப் பெட்டிகளை ஏற்றிச் சென்ற அந்தப் பாதைக்கு வைத்த பெயர் 'உடப்புசல்லாவை ரயில் பாதை'. ஆனால் அது உடப்புசல்லாவையை எட்டவே இல்லை. பெயர் இவ்வூருக்கு; பாதையோ ராகலையோடு நின்றது. 1948 இல் அதுவும் மூடப்பட்டுவிட்டது. பெயரளவில் வந்து, நேரில் வாராதுபோன நன்மைகள் மலையகத்துக்குப் புதியவை அல்ல.

தேயிலையால் உறவான இரு மேட்டு நிலங்கள்

இந்தியாவின் ஜார்க்கண்ட் மாநிலத்தின் தலைநகரம் ராஞ்சி. சோட்டா நாகபுரி என்னும் பீடபூமியின்மேல், 2000 அடிக்கு மேற்பட்ட உயரத்தில் அமைந்த நகரம் அது. சால மரக் காடுகளும் செம்மண் நிலமும் அருவிகளும் நிறைந்த அப்பகுதி, முண்டா, ஒராவோன், சந்தால், ஹோ முதலிய பழங்குடி மக்களின் தாயகம். 2000 ஆம் ஆண்டு நவம்பர் 15 ஆம் தேதியன்று ஜார்க்கண்ட் தனி மாநிலமாயிற்று. அந்தத் தேதியைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம், அது பிர்சா முண்டாவின் பிறந்த நாள் என்பதே. ஆங்கில ஆட்சியையும் நிலத்தைப் பறித்தவர்களையும் எதிர்த்து 1899 முதல் 1900 வரை முண்டா மக்களைத் திரட்டிய அவ்வீரரின் படையினர் துப்பாக்கிகளை எதிர்த்து நின்றது வில்லும் அம்பும் கொண்டுதான்.

உடப்புசல்லாவைக்கும் ராஞ்சிக்கும் என்ன உறவு என்று வாசகர்கள் வினவலாம். தேயிலையே அவ்வுறவு. தென்னிந்தியக் கிராமங்களிலிருந்து நம் முன்னோரைக் கங்காணிமார் இலங்கைக்கு அழைத்து வந்த அதே பத்தொன்பதாம் நூற்றாண்டில், சோட்டா நாகபுரியின் பழங்குடி மக்களை ஆள் சேர்ப்போர் அஸ்ஸாமுக்கும் வட வங்காளத்துக்கும் தேயிலை பயிரிட அழைத்துச் சென்றனர். இங்கே கங்காணி, அங்கே அர்காட்டி. இங்கே மன்னார்க் கரையிலிருந்து மாத்தளை வரை கால்நடை; அங்கே பிரம்மபுத்திரா நதிமேல் படகு. இங்கே லயன், அங்கேயும் வரிசைக் குடிசை. வறுமையும் பஞ்சமும் விரட்ட, தேயிலை இழுத்துக்கொண்ட இரு கூட்டத்தார் நாம். ஒருவரையொருவர் அறியாத உறவினர் என்றும் சொல்லலாம்.

மாமரத்தடியில் ஒரு சிறுமி

ராஞ்சி நகரத்திலிருந்து சுமார் 15 கிலோமீற்றர் தொலைவிலுள்ளது ராத்து சட்டி என்னும் கிராமம். அங்கே சிவநாராயண் மகதோ என்பவர் ஆட்டோ ரிக்‌ஷா ஓட்டிப் பிழைத்து வந்தார். அவர் மனைவி கீதா, ராஞ்சி மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் தாதியாகப் பணிபுரிந்தார். 1994 ஆம் ஆண்டு ஜூன் 13 ஆம் தேதி அவர்களுக்குப் பிறந்த மூத்த மகள்தான் தீபிகா.

சிறுமி தீபிகாவின் முதல் இலக்கு மாங்காய். கல்லெடுத்து எறிந்தால் குறி தப்பாது. பின்னர் மூங்கிலை வளைத்து வில் செய்துகொண்டு விளையாடத் தொடங்கினாள். அவளுடைய ஒன்றுவிட்ட சகோதரி வித்யா குமாரி ஜம்ஷெட்பூரில் வில்வித்தை பயின்றுகொண்டிருந்தார். அந்தச் சகோதரியின் வாய்ச்சொல்லால் 'வில்வித்தை என்பது வெறும் விளையாட்டன்று. அதற்கென்று பயிற்சிக்கூடங்கள் உண்டு. அங்கே உணவும் உறைவிடமும் கொடுத்துக் கற்பிக்கிறார்கள்' என்ற செய்தி அவள் காதில் விழுந்தது.

உணவும் உறைவிடமும் என்ற சொற்களே அவளை ஈர்த்தன. தான் வீட்டைவிட்டுச் சென்றால் குடும்பத்துக்கு ஒரு வயிற்றின் சுமையாவது குறையும் என்று எண்ணியே புறப்பட்டதாக அவரே பின்னாளில் கூறியிருக்கிறார். புகழுக்காகவோ பதக்கத்துக்காகவோ எழுந்த ஆசையன்று அது. ஒரு வேளைச் சோற்றின் கணக்கு. தோட்டத்து வீடுகளில் எத்தனை மூத்த பெண் பிள்ளைகள் இதே கணக்கைப் போட்டுக்கொண்டு, பள்ளிக்கூடத்தை விட்டுக் கொழும்பில் வீட்டு வேலைக்கும், தையல் தொழிற்சாலைக்கும், கடல் கடந்த நாடுகளுக்கும் சென்றிருக்கிறார்கள்! கணக்கு ஒன்றுதான். சென்ற கதவு மட்டும் வேறு.

தந்தை எளிதில் இணங்கினாரில்லை. பெண் பிள்ளையைத் தனியாக வெளியூருக்கு அனுப்பினால் ஊரார் என்ன சொல்வார்கள் என்ற அச்சம் அவருக்கு. நம் நாட்டுத் தந்தையர்க்கும் இருக்கும் அச்சமே அது. மகளின் பிடிவாதம் வென்றது.

மூன்று மாத அவகாசம்

2005 ஆம் ஆண்டில் கர்சாவான் என்னும் இடத்திலிருந்த அர்ஜுன் வில்வித்தைப் பயிற்சிக்கூடத்தின் வாசலில் அச்சிறுமி போய் நின்றாள். அப்போது ஜார்க்கண்ட் அரசியலில் முன்னணியிலிருந்த அர்ஜுன் முண்டாவின் துணைவியார் மீரா முண்டா அதனை நடத்தி வந்தார். பதினொரு வயது, மெலிந்த உடல், வில்லை வளைக்கும் வலிமை இந்தக் கைக்கு உண்டா என்ற ஐயம் எழுந்தது இயல்பே. தீபிகா மூன்று மாத அவகாசம் கேட்டாள். அதற்குள் தன்னை நிரூபிக்காவிட்டால் திரும்பிப் போய்விடுவதாகச் சொன்னாள். அவகாசம் கிடைத்தது. வசதிகள் குறைந்த இடம் அது. குளிப்பதற்கு ஆற்றுக்குப் போக வேண்டும். ஆயினும் மூன்று மாதத்தில் அவள் தன் சொல்லைக் காப்பாற்றினாள்.

மறு ஆண்டே, 2006 இல், ஜம்ஷெட்பூரிலுள்ள டாட்டா வில்வித்தைப் பயிற்சிக்கூடத்தில் இடம் கிடைத்தது. அங்கேதான் போட்டிக்குரிய முறையான வில்லை முதன்முதலாகக் கையில் எடுத்தாள். சீருடையும் கருவிகளும் கொடுத்தார்கள். மாதந்தோறும் 500 ரூபாய் உதவித்தொகையும் கொடுத்தார்கள். தர்மேந்திர திவாரி, பூர்ணிமா மகதோ போன்ற பயிற்சியாளர்கள் கற்பித்தனர். முதல் மூன்று ஆண்டுகளில் அவள் வீட்டுக்குச் சென்றது ஒரே ஒரு முறைதான் என்பர்.

ஏகலைவனின் கதையை நாம் அனைவரும் அறிவோம். வேடர் குலத்துப் பிள்ளைக்கு ஆசிரியர் கற்பிக்க மறுத்தார். தானாகக் கற்றபின் கட்டை விரலைக் காணிக்கையாகக் கேட்டார். ராத்து சட்டியின் ஏழைச் சிறுமிக்கோ ஆசிரியர்கள் கிடைத்தார்கள். கேட்டது காணிக்கையன்று, உழைப்பு. இந்த ஒரு வேறுபாடே கதையின் முடிவை மாற்றிவிட்டது.

70 மீற்றர் தூரம்

ஒலிம்பிக் போட்டியின் வில்வித்தை எத்தகையது என்பதை மாணவர்கள் சிறிது அறிந்துகொள்வது பயன் தரும். வில்லாளி நிற்கும் கோட்டுக்கும் இலக்குக்கும் இடையே 70 மீற்றர் தூரம். இலக்கின் குறுக்களவு 122 சென்ரிமீற்றர். அதன் நடுவிலுள்ள மஞ்சள் வட்டத்தின் உள்வளையத்தைத் தொட்டால்தான் 10 புள்ளி. அந்த வளையத்தின் குறுக்களவு 12.2 சென்ரிமீற்றர் மட்டுமே. 70 மீற்றர் தொலைவிலிருந்து பார்ப்பவனுக்கு அது ஒரு மிளகைப் போலவே தோன்றும்.

முதற் சுற்றில் ஒவ்வொருவரும் 72 அம்புகள் எய்ய வேண்டும். பிறகு இருவர் இருவராக மோதும் சுற்றுகள். மூன்று மூன்று அம்புகளாக எய்து, ஒவ்வொரு முறையும் கூடுதல் புள்ளி எடுத்தவர் இரண்டு புள்ளி பெறுவார். சமமானால் ஆளுக்கு ஒன்று. முதலில் ஆறு புள்ளியை எட்டுபவர் வெல்வார். ஐந்து முறையும் எய்து சமமாக நின்றால் ஆளுக்கு ஒரே அம்பு. நடுவுக்கு அண்மையில் பட்டவர் வென்றார். ஒவ்வோர் அம்பையும் 20 வினாடிக்குள் எய்துவிட வேண்டும்.

நாணை இழுக்கச் சர்வதேசப் போட்டிகளில் பெண்கள் 40 இறாத்தல் அளவு விசை செலுத்துகின்றனர். ஒருமுறை இழுப்பது பெரிதன்று. நாள்தோறும் நூற்றுக்கணக்கான முறை, ஒரு மயிரிழையும் பிசகாமல், ஒரே விதமாக இழுத்து, ஒரே இடத்தில் நிறுத்தி, ஒரே விதமாக விடுவதே வித்தை. வியப்பான செய்தி ஒன்று: இன்றைய ஒலிம்பிக் முறையில் நாணை இழுப்பது ஆள்காட்டி விரல், நடுவிரல், மோதிர விரல் ஆகிய மூன்றுமே. கட்டை விரலுக்கு அங்கே வேலையில்லை!

காற்றோ வில்லாளியின் பெரும் சோதனை. அம்பு இலக்கை அடைய ஒரு வினாடிக்குச் சற்று மேல் ஆகும். அதற்குள் பக்கக்காற்று அதனை மஞ்சளிலிருந்து சிவப்புக்குத் தள்ளிவிடலாம். கொடித்துணி ஆடுவதைப் பார்த்து, எவ்வளவு ஒதுக்கிக் குறி வைப்பது என்று கணிக்க வேண்டும். ஆடும் கிளையிலுள்ள கொய்யாவைக் கல்லால் அடிக்கும் பிள்ளையும் தானறியாமலே செய்வது இந்தக் கணிப்பைத்தான்.

வெற்றியும் அதன் நிழலும்

2009 இல் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்திலுள்ள ஒக்டன் நகரில் நடைபெற்ற இளையோர் உலகப் போட்டியில், பதினைந்து வயதான தீபிகா தம் வயதுப் பிரிவில் உலக வாகையரானார். 2010 இல் டில்லியில் நடந்த பொதுநலவாய விளையாட்டுப் போட்டியில் தனிப்பதக்கம், குழுப்பதக்கம் இரண்டிலும் தங்கம். தனிப்போட்டியின் இறுதியில் அவர் வென்றது, ஒலிம்பிக் பதக்கம் பெற்ற அனுபவசாலியான இங்கிலாந்தின் அலிசன் வில்லியம்சனை. 2012 மே மாதத்தில் துருக்கியின் அந்தால்யாவில் உலகக் கிண்ணப் போட்டியில் முதல் தனித் தங்கம். அடுத்த மாதம், பதினெட்டு வயது நிரம்பும் வேளையில், உலகத் தரவரிசையில் முதலிடம். ஆட்டோ ஓட்டுநரின் மகள் உலகின் முதல் வில்லாளி!

அதே ஆண்டில் லண்டன் ஒலிம்பிக். வில்வித்தைப் போட்டி நடந்த இடம் எது தெரியுமா? கிரிக்கெட் அன்பர்கள் கோயிலாகப் போற்றும் லோர்ட்ஸ் மைதானம். இந்தியா முழுவதும் பதக்கத்தை எதிர்பார்த்துக் காத்திருந்தது. காற்றடித்த அம்மைதானத்தில், முதற் சுற்றிலேயே பிரித்தானியாவின் ஏமி ஒலிவரிடம் தீபிகா தோற்றார்.

2016 ஏப்ரலில் ஷங்காயில் 72 அம்புகளில் 720 க்கு 686 புள்ளி எடுத்துத் தென்கொரியாவின் கி போ-பே ஏற்படுத்தியிருந்த உலகச் சாதனையைச் சமன் செய்தார். 72 அம்புகளில் இழந்த புள்ளிகள் 34 மட்டுமே. அதே ஆண்டில் அவருக்குப் பத்மஸ்ரீ விருதும் கிடைத்தது. ஆனால் ஆகஸ்டில் றியோ ஒலிம்பிக்கில், கடைசி பதினாறு பேர் சுற்றில் தாய்வானின் டான் யா-திங்கிடம் தோல்வி. 2021 ஜூன் 27 அன்று பாரிஸில் உலகக் கிண்ணப் போட்டியில், தனிப்போட்டி, மகளிர் குழு, கணவர் அதனு தாஸுடன் இணைந்த கலப்புப் போட்டி என மூன்று தங்கங்களை ஒரே நாளில் வென்று மீண்டும் உலகின் முதலிடத்தைப் பிடித்தார். அடுத்த மாதமே டோக்கியோ ஒலிம்பிக்கில், கால் இறுதியில் கொரியாவின் ஆன் சானிடம் தோல்வி.

வெற்றியும் தோல்வியும் இப்படி அடுத்தடுத்து வந்தால் மனித மனம் என்னாகும்? ஒவ்வோர் ஒலிம்பிக்குக்குப் பின்னும் பத்திரிகைகள் கேள்வி எழுப்பின. நேற்றுவரை மாலையிட்டவர்கள் இன்று குறை கூறினர். உலகக் கிண்ணப் போட்டிகளில் வெல்லும் கை ஒலிம்பிக்கில் ஏன் நடுங்குகிறது என்றார்கள். நான்காண்டுக்கு ஒருமுறை வரும் ஒரு நாளை வைத்து ஒருவரின் இருபதாண்டு உழைப்பை எடைபோடும் தராசு நேர்மையான தராசுதானா என்று அவர்கள் எண்ணிப் பார்க்கவில்லை. கொழுந்து நிறுக்கும் தராசின் நேர்மை எவ்வளவு முக்கியம் என்பதைத் தோட்டத்து மக்களுக்கு நாம் சொல்லத் தேவையில்லை.

எதிரில் நின்றவர்களின் பலத்தையும் கருதவேண்டும். கொரிய நாட்டில் பள்ளிப் பருவத்திலிருந்தே முறையான பயிற்சி உண்டு. 1988 இல் மகளிர் குழுப் போட்டி ஒலிம்பிக்கில் சேர்க்கப்பட்டது முதல் 2024 வரை நடந்த பத்து ஒலிம்பிக்கிலும் அத்தங்கத்தைக் கொரியப் பெண்களே வென்றனர். அத்தகைய மதிலின்முன் ராத்து சட்டியின் மூங்கில் வில்லிலிருந்து புறப்பட்டு வந்து ஒருவர் முதலிடத்தைப் பிடித்தார் என்பதே பெரும் செய்தி.

தாயான பின்னும் வில்

2022 டிசம்பரில் தீபிகாவுக்குப் பெண் குழந்தை பிறந்தது. குழந்தை பிறந்தபின் 40 இறாத்தல் நாணை இழுப்பதென்றால் தோளும் முதுகும் புதிதாகக் கற்கத் தொடங்கியாக வேண்டும். 2023 இல் இந்தியக் குழுவில் இடம் கிடைக்கவில்லை. இத்துடன் அவருடைய காலம் முடிந்தது என்று பலர் எண்ணினர். 2024 ஏப்ரலில் ஷங்காயில் உலகக் கிண்ண வெள்ளிப் பதக்கத்தோடு அவர் திரும்பி வந்தார். அவ்வாண்டு பாரிஸில் தம் நான்காவது ஒலிம்பிக்கில் நின்று, கால் இறுதியில் கொரியாவின் நாம் சு-யோனிடம் 6 க்கு 4 என்ற அளவில் தோற்றார். ஒக்டோபரில் மெக்சிக்கோவின் திலஸ்கலாவில் நடந்த உலகக் கிண்ண இறுதியில் வெள்ளி. அந்த இறுதிப் போட்டிகளில் அவர் பெற்ற ஐந்தாவது வெள்ளி அது; 2018 இல் ஒரு வெண்கலமும் உண்டு.

நான்கு ஒலிம்பிக், பதக்கம் இல்லை. ஆனால் இதனைத் தோல்வி என்று யார் சொல்ல முடியும்? முதுகில் கூடையும் மடியில் குழந்தையின் நினைவுமாக, பிள்ளைக்காம்பராவில் மகவை விட்டுவிட்டு மலையேறும் தாய்மார் இந்தப் பெண்ணின் வெற்றியை நன்கு அறிவர். விழுந்த இடத்திலிருந்து எழுந்து, மறுநாள் காலையில் மீண்டும் பெரட்டுக்களத்துக்கு வருவதே அவர்களுடைய வாழ்வு.

உடப்புசல்லாவைக்கு என்ன செய்தி?

நம் மலையகத்துக்கும் உலகப் புகழ் புதியதன்று. தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்ய இந்தியாவிலிருந்து வந்த ஒருவரின் பேரனான முத்தையா முரளிதரன், 2010 ஜூலையில் காலியில் தமது 800 ஆவது டெஸ்ட் விக்கெட்டை வீழ்த்தினார். அந்த எண்ணிக்கையை வேறெவரும் எட்டவில்லை. ஆனால் அவருக்குக் கண்டியில் நல்ல கல்லூரியும், ஊக்கமளித்த பயிற்சியாளரும், தொழில் நடத்திய குடும்பமும் இருந்தன. திறமை எங்கும் பிறக்கிறது. வாய்ப்பு எங்கும் பிறப்பதில்லை. தீபிகாவின் வரலாறும் இதையே சொல்கிறது. அவர் கையின் குறி மாமரத்தடியிலேயே உண்டாகிவிட்டது. அதன்பின் வேண்டியிருந்தவை நான்கு: வழி சொல்ல ஒரு சகோதரி, தடையை நீக்கிய ஒரு தந்தை, மூன்று மாத அவகாசம் கொடுத்த ஒரு பயிற்சிக்கூடம், உண்மையான வில்லைக் கையில் கொடுத்த ஒரு நிறுவனம். இந்நான்கில் ஒன்று குறைந்திருந்தாலும் ராத்து சட்டியின் மாங்காய்களோடு கதை முடிந்திருக்கும்.

மலையகப் பாடசாலைகளில் விளையாட்டென்றால் பெரும்பாலும் கிரிக்கெட், கரப்பந்து, எல்லே, ஓட்டம் என்பவற்றையே காண்கிறோம். அவை நல்லவை. வில்வித்தையையும் அவற்றோடு சேர்ப்பதற்கு முதலிலேயே 70 மீற்றர் மைதானம் வேண்டியதில்லை. தொடக்கப் பயிற்சி பத்துப் பதினைந்து மீற்றரிலேயே நடைபெறும். மரத்தாலான எளிய வில், வைக்கோலை இறுக்கிக் கட்டிய இலக்கு, அதன் பின்னால் அம்பு தப்பினாலும் தாங்கிக்கொள்ளும் மண்மேடு, இவை போதும். மண்மேட்டுக்கு உடப்புசல்லாவையில் பஞ்சமா? ஆனால் பயிற்றப்பட்ட ஆசிரியர் ஒருவரின் மேற்பார்வையின்றி எவரும் வில்லைத் தொடலாகாது. இலக்கின் பக்கம் ஒருவரும் இல்லை என்று உறுதியான பின்னரே நாணில் அம்பு ஏறவேண்டும். இவ்விதிகளைக் கற்பிப்பதே முதற்பாடம்.

இன்னொன்று. கொழுந்து பறிக்கும் விரல்களின் நுண்மையை உலகம் இன்னும் சரியாக மதிப்பிடவில்லை. இரண்டு இலையும் ஒரு மொட்டும். அதற்குமேல் ஒன்றும் கூடாது, குறையவும் கூடாது. கண் தேடுகிறது, விரல் செல்கிறது, ஆயிரம் முறை ஒரே விதமாக. வில்வித்தை வேண்டுவதும் இந்தக் கட்டுப்பாட்டையே. தலைமுறை தலைமுறையாக இத்தகைய பொறுமையைப் பழகிய தாய்மாரின் பிள்ளைகளுக்கு அது வாராதென்று எவர் சொல்வார்?

பெற்றோருக்கு ஒரு சொல். உங்கள் மகள் கல்லெறிந்து காயை வீழ்த்தினால் அதட்டுவதற்குமுன் ஒரு கணம் அந்தக் குறியைப் பாருங்கள். ஆசிரியர்களுக்கு ஒரு சொல். வகுப்பில் பின் வரிசையில் மௌனமாயிருக்கும் பிள்ளையின் கையில் என்ன இருக்கிறதென்று மைதானத்தில் கண்டுபிடியுங்கள். தோட்ட நிர்வாகங்களுக்கும் வசதி படைத்தோருக்கும் ஒரு சொல். ஜம்ஷெட்பூரில் மாதம் 500 ரூபாயில் தொடங்கிய உதவி உலகத்தின் முதலிடம் வரை சென்றது. மாணவர்களுக்கோ சொல்லவேண்டியது இதுவே: உங்களைக் கண்டுகொள்வோர் வரும்வரை பயிற்சியை நிறுத்திவிடாதீர்கள், அவகாசம் கேட்க வெட்கப்படாதீர்கள், அவகாசம் கிடைத்தால் அதனை வீணாக்காதீர்கள்.

அன்று உடப்புசல்லாவையின் பெயரைத் தாங்கிய ரயில் ராகலையோடு நின்றுவிட்டது. இங்கு பிறக்கும் பிள்ளைகளின் பாதையும் அவ்வாறு பாதியில் நின்றுவிடலாகாது.